பல்லக்கு படித்த சீனம்

பல்செட் செய்யும் லேப்பில் அவள் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். சின்னவர்கள் பல்லக்கா என்று கூப்பிட ஆரம்பித்தது நாளடைவில் தேய்ந்து பல்லக்கு ஆகிவிட்டது. இப்போது டாக்டர்களே ஃபோனில், "பல்லக்கு இருக்காங்களா?" என்று கேட்கிறார்கள். "இருக்கேன், தூக்கத்தான் ஆளில்ல" என்பாள்.

லேப் என்றால் மாடியில் ஒரு நீள அறை. நாலு மேஜை, ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன அடுப்பு, ரோஸ் நிற மெழுகு, இழுப்பறை நிறையப் பற்கள். டாக்டர் எடுத்தனுப்பும் வாய் அச்சைப் பார்த்து, மெழுகில் பல் பல்லாக நட்டு வரிசை சேர்ப்பது அவள் வேலை. அரை மயிரிழை தள்ளி நட்டால் அந்த ஆளுக்கு வாழ்நாள் முழுக்கச் சாப்பாடு இறங்காது. அதனால் அவளிடம் ஒரு பிடிவாதம் படிந்துவிட்டது. சரியாக வரும்வரை மெழுகை உருக்கிக்கொண்டே இருப்பாள். நேரம் ஆகிறது என்று முதலாளி கத்தினால், "கடிக்கப்போறது நீங்க இல்லையே" என்பாள்.

நாற்பத்தாறாவது வயதில் லேப் படியில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டாள். ஊர் வாய் அச்சுக்கெல்லாம் பிளாஸ்டர் கலந்தவளுக்குக் காலில் ஆறு வாரம் பிளாஸ்டர். வீடு மூன்றாவது மாடி. கணவர் லிஃப்ட் மெக்கானிக், ஆனால் அவர்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஆக, அவள் வீட்டோடு கிடக்க வேண்டியதாயிற்று. வீட்டோடு என்றால் நாத்தனாரோடு.

நாத்தனார் கணவரின் அக்கா. டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்து மூன்று வருஷம் காதில் ஹெட்ஃபோன் மாட்டி உட்கார்ந்திருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்றபின் தம்பி வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பெண்களுக்கும் சண்டை கிடையாது, பேச்சும் கிடையாது. "காபி போடவா அண்ணி?" "போடேன்." அவ்வளவுதான்.

நர்சிங் படிக்கும் மகள்தான் இருவரையும் ஒரே சோபாவில் உட்காரவைத்தாள். பரீட்சைக்குப் படிக்க அவளுக்கு வீடு அமைதியாக இருக்க வேண்டும். தமிழில் டப் செய்த ஒரு சீனத் தொடரை டிவியில் போட்டுவிட்டு, "அம்மா, அத்தை, ரெண்டு பேரும் இதப் பாருங்க. என்னை மட்டும் கூப்பிடாதீங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

முதல் நாள் நாத்தனார் முகம் சுளித்தார். "எல்லாரும் ஒரே மாதிரி உடுத்திக்கிறாங்க, ஒரே மாதிரி கொண்டை போட்டுக்கிறாங்க. யாரு யாருன்னே தெரியல."

"கொண்டையப் பாக்காதீங்க அண்ணி, பல்லப் பாருங்க. தளபதிக்கு இடது கோரப்பல் கொஞ்சம் முன்னாடி துருத்திட்டு இருக்கு. மந்திரி மகனுக்கு முன்னாடி நாலும் மூடி போட்ட பல்லு."

"அப்படியா? பல்லெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனா இந்த ராணிக்குக் குரல் குடுத்தவதான் அந்தச் சமையக்காரிக்கும் குடுத்திருக்கா. குரலக் கொஞ்சம் கட்டையாக்கிட்டா நமக்குத் தெரியாதாம்."

ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு நாலு எபிசோடு ஓடியது.

அந்த ஆறு வாரத்தில் மூன்று தொடர்கள் முடிந்தன. பல்லக்கு அவற்றில் மயங்கிப்போனாள் என்று சொல்ல முடியாது, குறை கண்டுபிடித்தே ரசித்தாள். தெருவில் பிச்சையெடுக்கும் கிழவனுக்கு முப்பத்திரண்டும் முத்து மாதிரி இருப்பதை அவளால் பொறுக்க முடியவில்லை. கதாநாயகி தலைமுடியைத் தூக்கி முடிந்துகொண்டால் போதும், அவளை ஆண்பிள்ளை என்று ராணுவமே நம்பிவிடும். விஷம் குடித்தவன் வாயோரம் ரத்தத்தோடு பத்து நிமிஷம் கணக்குத் தீர்த்துப் பேசிவிட்டுத்தான் சாவான். முக்கியமான கடிதம் என்று ஒன்று வந்தால், அதைப் படிக்க வேண்டியவரைத் தவிர மற்ற எல்லோரும் படிப்பார்கள். குடை பிடிக்க வேண்டியவன் எங்கேயோ ஒளிந்து நின்று, அவள் முழுக்க நனைந்தபிறகுதான் வருவான். "முன்னாடியே வந்தா என்னவாம்?" என்று நாத்தனார் கேட்பார்.

ஆனால் அவளைப் பிடித்து உட்காரவைத்த விஷயமும் இருந்தது. அந்தப் பெண்கள் அழுதுகொண்டே இருப்பதில்லை. முட்டி தேய மண்டியிட்டுக் கிடந்தாலும் தலைக்குள் அடுத்த காரியம் ஓடிக்கொண்டிருக்கும். பத்து எபிசோடுக்கு முன்னால் ஒருத்தி வாய்க்குள் விழுங்கிய வார்த்தையைப் பத்து எபிசோடு கழித்துச் சரியான ஆளிடம் சரியான நேரத்தில் சொல்வாள். யாரும் அவசரப்படுவதில்லை. ஒரு கோப்பை தேநீரை ஊற்றி முடிக்க அரை எபிசோடு எடுத்துக்கொள்வார்கள், அந்த அரை எபிசோடுக்குள் ஒரு சாம்ராஜ்யம் கவிழ்ந்துவிடும். பல்லக்குக்கு அந்த நிதானம் பிடித்தது. மெழுகு வேலை மாதிரி இருந்தது.

கால் சரியாகி அவள் வேலைக்குத் திரும்பியபிறகும் சாயங்காலம் ஆறரை மணி சோபா மாறவில்லை. நாத்தனார் அதற்குள் காபி போட்டு வைத்திருப்பார். "சீக்கிரம் வா, அந்தப் பாவி இன்னிக்கு மாட்டுவான்" என்று வாசலிலேயே செருப்பைக் கழற்றவிட மாட்டார்.

அப்போதுதான் நாத்தனாரின் கண் கெட ஆரம்பித்தது. முதலில் ஓரங்கள் மங்கின. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுவிட்டது, போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் டாக்டர். சொட்டு மருந்து, ஆபரேஷன் எல்லாம் ஆயிற்று. எட்டு மாதத்தில் வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும் நிலைக்கு வந்தார்.

டப் செய்த தொடர்கள் இருந்தவரை சமாளித்தார்கள். அவை தீர்ந்தன. அந்த நேரத்தில் ஒரு புதுத் தொடரைப் பற்றி இணையத்தில் சீனத் தொடர் ரசிகர்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நாற்பத்தெட்டு எபிசோடு. சீனப் பேச்சு, கீழே ஆங்கில எழுத்து மட்டும். பல்லக்கு அதை டிவியில் போட்டபோது நாத்தனார் சோபாவிலிருந்து எழுந்துகொண்டார். "நீ பாரு. எனக்குத் தலை வலிக்குது."

உடைமாற்றிக்கொண்டிருந்த கணவர் உள்ளேயிருந்து சொன்னார். "விடேன் அவள. கண்ணு தெரியாதவளுக்கு டிவி எதுக்கு? ரேடியோ வாங்கிக் குடுத்துடலாம்."

கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. அவர் பேச்சே அப்படித்தான், லிஃப்டைப் பற்றிப் பேசுவது போல மனிதர்களைப் பற்றியும் பேசுவார். ஆனால் நாத்தனார் சுவரைத் தடவிக்கொண்டே தன் அறைக்குப் போன விதத்தைப் பல்லக்கு பார்த்தாள். எழுந்து போய் அவர் கையைப் பிடித்தாள்.

"உக்காருங்க அண்ணி. நான் படிச்சுச் சொல்றேன்."

"இங்கிலீஷா?"

"பாத்துத் தமிழ்ல சொல்றேன். தப்பா சொன்னா உங்களுக்கு என்ன தெரியப்போகுது?"

நாத்தனார் சிரித்துவிட்டார். உட்கார்ந்தார்.

முதல் எபிசோடு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. பல்லக்கு பன்னிரண்டாவது வரை படித்தவள். அவள் ஆங்கிலம் டாக்டர் சீட்டு படிக்கிற ஆங்கிலம். வரி இரண்டு விநாடியில் ஓடிவிடும், நிறுத்த வேண்டும், படிக்க வேண்டும், தமிழாக்க வேண்டும், மறுபடி ஓட்ட வேண்டும். படத்தில் நடப்பதையும் சொல்ல வேண்டும். "இப்போ அவ திரும்பிப் பாக்கறா. கையில ஊசி இருக்கு. அவன் பாக்கல." நடுவில் எச்சில் விழுங்கக்கூட நேரமில்லை. பத்தாவது எபிசோடுக்குள் வேகம் பிடித்துவிட்டது, குரல் மாற்றிப் பேசவும் ஆரம்பித்தாள்.

சீனப் பெயர்கள் நாக்கில் நிற்காததால் இவர்களே பெயர் வைத்தார்கள். பொய்வழக்கில் தலை வெட்டப்பட்ட நீதிபதியின் மகள், பெயரை மாற்றிக்கொண்டு அரண்மனையில் பூத்தையல் வேலைக்குச் சேர்கிறாள். அவள் "ஊசி". அப்பாவை மாட்டிவிட்ட மந்திரி "தாடி". அவள் யாரென்று தெரிந்தும் வாயைத் திறக்காத எல்லைப்படைத் தளபதி "கப்சிப்".

முப்பத்தொன்றாவது எபிசோடின் கடைசியில் தாடி, ஊசியின் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவள் திரும்பிவிட்டாள். அதோடு ஆங்கில எழுத்து நின்றுபோயிற்று. அதைக் காசு வாங்காமல் செய்துகொண்டிருந்த ரசிகர்களுக்குள் ஏதோ தகராறாம், இனிமேல் வராதாம். முப்பத்திரண்டிலிருந்து கம்ப்யூட்டர் தானாகப் போடும் எழுத்துதான். அதில் ராணி தன் குழந்தையைத் தூக்கி முத்தமிட்டு, "என் இதயமே, என் கல்லீரலே" என்றாள். தாடி காவலர்களைப் பார்த்து, "மேற்கைச் சாப்பிடாதே" என்று ஆணையிட்டான்.

"என்னடி சொல்றான்?" என்றார் நாத்தனார்.

"தெரியல அண்ணி. கல்லீரல்ங்கறான், மேற்குங்கறான்."

"அவ மாட்டிக்கிட்டாளா இல்லையா?"

"அதுவும் தெரியல."

இரண்டு வாரம் தேடினாள். வேறெங்கும் கிடைக்கவில்லை. மூன்றாவது வாரம் லேப்புக்குக் கிளம்பும்போது, தெருவுக்கு அந்தப் பக்கம் இரண்டாவது மாடி ஜன்னலில் வெளிநாட்டு மொழிகள் கற்றுத்தரப்படும் என்ற பலகையைப் பார்த்தாள். தினமும் பார்த்த பலகைதான். அன்றைக்குப் படியேறினாள்.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை வகுப்பு. முதலாளியிடம் கேட்டபோது, "பல்லு மாட்டற வேலைக்குச் சீன பாஷையா?" என்றார். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே வந்து வேலையை முடித்துவிட்டுப் போகிறேன் என்றாள். சாவியைக் கொடுத்தார். கணவர் மட்டும் விடவில்லை.

"நாப்பத்தேழு வயசு. கதையோட முடிவு தெரியணும்னா யாராவது எழுதிப்போட்டிருப்பாங்க. ஃபோன்ல தேடிப் படிச்சுட்டுப் போ."

"முடிவு மட்டும் தெரிஞ்சு என்ன பண்ண? நடுவுல பதினாறு எபிசோடு இருக்குல்ல."

வகுப்பில் பதினோரு பேர். மற்ற எல்லோரும் வேலைக்காகப் படிக்க வந்த இளசுகள். வாத்தியாரும் இளசுதான், சீனாவில் நாலு வருஷம் படித்துவிட்டு வந்தவர். நீங்கள் எதற்காகப் படிக்கிறீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். இவள் முறை வந்தபோது, "முப்பத்திரண்டாவது எபிசோடு புரியல சார்" என்றாள். வகுப்பே சிரித்தது. வாத்தியார் சிரிக்கவில்லை. "அரண்மனைப் பேச்சு வேற, நான் சொல்லித்தர்ற பேச்சு வேற. பழைய காலத்து வார்த்தை நெறைய வரும். கஷ்டம்" என்றார். "பரவால்ல சார், எனக்கு அவசரமில்ல" என்றாள்.

எழுத்து அவளுக்குச் சுலபமாக வந்தது. இருபது வருஷம் மெழுகு செதுக்கிய கை, எந்தக் கோட்டை முதலில் இழுக்க வேண்டும், எங்கே அழுத்தம் குறைய வேண்டும் என்று ஒரு தடவை காட்டினால் பிடித்துக்கொண்டது. வாத்தியார் அவள் நோட்டை எடுத்து மற்றவர்களுக்குக் காட்டினார். காதுதான் காலை வாரியது. அந்த மொழியில் ஒரே ஒலியை ஏற்றினால் ஒரு பொருள், சமமாக நீட்டினால் வேறு பொருள். தன் தொழிலைப் பற்றி இரண்டு வாக்கியம் பேச வேண்டிய நாளில், பொய்ப்பல் செய்கிறேன் என்று எழுந்து நின்று சொன்னாள். வாத்தியார் உதட்டைக் கடித்துக்கொண்டார். யா என்பதைக் கேள்வி மாதிரி மேலே தூக்கினால்தான் பல், சமமாக நீட்டினால் வாத்து. இருபத்திரண்டு வருஷமாகப் பொய் வாத்து செய்கிறவள் என்று வகுப்பு முழுக்கக் கேட்டுவிட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வாத்தியார்கிட்டயே வாத்து வித்துட்டியா! எங்கே, ரெண்டையும் சொல்லு பாப்போம்."

பல்லக்கு சொன்னாள்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. அவர் சொன்னத ரெக்கார்ட் பண்ணிருக்கியா? போடு."

நாத்தனார் தலையைச் சாய்த்து ஒரு தடவை கேட்டார். பிறகு இரண்டையும் சொன்னார். பல்லக்குக்கே வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. ஆயிரக்கணக்கான குரல்களில் யார் எந்த லைன் என்று பிரித்துக் கேட்ட காது அது. அன்றைக்குத்தான் பல்லக்குக்கு உறைத்தது. தான் தனியாகப் படிக்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு வேலை இப்படி நடந்தது. சீனத் தொடர்களில் படத்தின் கீழேயே சீன எழுத்தும் ஓடும். பல்லக்கு படத்தை நிறுத்தி, ஒவ்வொரு எழுத்தையும் ஃபோனில் விரலால் வரைந்து பொருள் தேடுவாள். அந்த ஒலி இதற்கு முன் எங்கே வந்தது என்று நாத்தனார் சொல்வார். "இதே வார்த்தையத்தான் கப்சிப் அந்தப் பாலத்துல சொன்னான். அப்போ நீ என்ன அர்த்தம் சொன்ன?" பழைய எபிசோடைத் திருப்பிப் பார்த்தால் சரியாக அங்கே இருக்கும். நீ என்பதற்குச் சீனத்திலும் நீ என்றுதான் சொல்வார்கள் என்று தெரிந்த அன்றைக்கு நாத்தனாருக்குத் தலைகால் புரியவில்லை. தம்பியைக் கூப்பிட்டு, "நீன்னா நீதான்டா!" என்றார். அவர் ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டுப் போனார்.

முப்பத்திரண்டாவது எபிசோடு முடிய ஐந்து வாரம் பிடித்தது. ஊசி மாட்டிக்கொள்ளவில்லை. திரும்பியவள் தாடியைப் பார்க்காமல் அவனுக்குப் பின்னால் பறந்த பறவையைப் பார்த்தாள், அவ்வளவுதான் என்று சாதித்துவிட்டாள். "கெட்டிக்காரி" என்று நாத்தனார் தொடையில் தட்டினார். ராணியின் கல்லீரல், கண்ணே என்று கொஞ்சுவதாம். தாடியின் ஆணையும் புரிந்தது. கைதிக்குச் சாப்பிட எதுவும் கொடுக்காதே என்பதைத்தான் கம்ப்யூட்டர் மேற்காக்கியிருந்தது. அந்த மொழியில் கிழக்கையும் மேற்கையும் சேர்த்துச் சொன்னால் ஏதோ ஒரு பண்டம் என்று அர்த்தமாம்.

முப்பத்தாறாவது எபிசோடில் சறுக்கல் வந்தது. நீதிமன்றக் காட்சி. நாற்பது நிமிஷமும் சட்டம், பழைய ஏட்டு நடை. வாத்தியாரே பாதியில் கையை விரித்துவிட்டார். அதே மாதம் வகுப்புப் பரீட்சையில், கேட்டு எழுதும் பகுதியில் பல்லக்கு தோற்றாள். வீட்டுக்கு வந்து நோட்டை மேஜையில் போட்ட சத்தத்திலேயே நாத்தனாருக்குத் தெரிந்துவிட்டது.

"போதும், விட்டுடு. எனக்காக நீ இவ்வளவு கஷ்டப்பட வேண்டாம். நான் ரேடியோ கேட்டுக்கறேன்."

பல்லக்குக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷத்தில் அவரிடம் அவள் குரலை உயர்த்தியது அன்றைக்குத்தான்.

"உங்களுக்காகன்னு யார் சொன்னா? எனக்குத் தெரிஞ்சாகணும். பத்துப் பேர் முன்னாடி வாத்துன்னு சொல்லிட்டு வந்திருக்கேன், பாதியில விடறதுக்கா? நீங்க காதத் தீட்டிட்டு உக்காருங்க. பரீட்சைய மறுபடி எழுதறேன்."

நாத்தனார் சோபாவைத் தடவினார். ரிமோட்டைத் தேடி எடுத்து நீட்டினார்.

அந்த ஒரு எபிசோடு மூன்று மாதம் எடுத்தது. வாத்தியார், சீனாவில் தனக்குப் பாடம் எடுத்த பெண்மணிக்கு எழுதிக் கேட்டார். பல்லக்கு ஒவ்வொரு வரியையும் நோட்டில் வரைந்து படமெடுத்து அனுப்புவாள், பதில் வரும். காலையில் லேப்புக்குக் கிளம்புமுன் அரை மணி நேரம் நாத்தனார் ரெக்கார்டைப் போட்டு அவளுக்குக் கேட்டு எழுதும் பயிற்சி வைப்பார். எக்ஸ்சேஞ்ச் கண்டிப்பு. தப்பினால் முதலிலிருந்து. அடுத்த பரீட்சையில் தேறினாள். அதிகமில்லை, தேறுவதற்கு வேண்டிய அளவுக்குத்தான். ஆனால் முப்பத்தேழிலிருந்து வேகம் பிடித்தது. மாதம் ஒன்று, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று. கணவரும் எப்போது என்று தெரியாமல் சோபாவின் ஓரத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். "தாடி இன்னும் சாகலையா?" என்று செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கேட்பார்.

நாற்பத்தெட்டாவது எபிசோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தாடி பிடிபட்டுவிட்டான், ஊசியின் அப்பா மேலிருந்த பழி நீங்கிவிட்டது. கப்சிப் எல்லைக்குத் திரும்புகிறான். கோட்டை வாசலில் குதிரை நிற்கிறது. ஊசி அவனிடம் ஒரே வரி சொல்கிறாள். கம்ப்யூட்டர் எழுத்து, "நீ திரும்பி வர வேண்டாம். போ" என்றது. குதிரை போயிற்று. கதவு மூடிற்று. பாட்டு வந்துவிட்டது. உலகம் பூராவும் சீனம் தெரியாத ரசிகர்கள் இந்த முடிவைத் திட்டித் தீர்த்திருந்தார்கள்.

முடிவு தெரியும் அவசரத்தில் பல்லக்கு கம்ப்யூட்டர் எழுத்தையே படித்துச் சொன்னதும் கணவர் செய்தித்தாளை மடக்கினார். "இதுக்கா ஒன்றரை வருஷம்?"

நாத்தனார் கையைத் தூக்கினார். "இரு. மறுபடி போடு." கேட்டார். "இன்னொரு தடவை." கேட்டார். "போன்னு மட்டும் சொல்லல அவ. அந்தப் 'போ'வுக்கு முன்னாடி இன்னொரு வார்த்தை இருக்கு. மெதுவா சொல்றா. வோ."

பல்லக்கு எழுந்து டிவியிடம் போனாள். படத்தை நிறுத்திக் கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பார்த்தாள். ஏழு கோடு இழுத்து எழுதும் எழுத்து அது. நானூறு தடவையாவது எழுதியிருப்பாள். நான் என்று அர்த்தம்.

"அண்ணி, 'போ' இல்ல. 'நான் போறேன்.' நீ திரும்பி வர வேண்டியதில்ல... நான் அங்க வர்றேன்னு சொல்றா! அவன் பின்னாடி இவ எல்லைக்குப் போறா!"

நாத்தனார் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று கணவர் குனிந்து பார்த்தார். இரண்டும்தான்.

சனிக்கிழமை வாத்தியாரிடம் காட்டி உறுதி செய்துகொண்டாள். அப்புறம் மகளின் உதவியோடு இணையத்தில் ரசிகர்கள் கூடும் இடத்தில் அந்த வரியை எழுத்து எழுத்தாகப் பிரித்துப் போட்டாள். முதல் நாள் யாரும் நம்பவில்லை. இரண்டாம் நாள் சீனாவிலிருந்தே ஒருத்தி வந்து, இவர் சொல்வதுதான் சரி என்றாள். மூன்றாம் நாள், மற்ற பதினாறையும் தமிழில் தருவீர்களா என்று நாலைந்து பேர் கேட்டார்கள். ஏற்கெனவே நாத்தனாருக்காக வாய்விட்டுச் சொன்னதெல்லாம் நோட்டில் இருந்தது. மகள் தட்டச்சு செய்து ஏற்றினாள். கீழே மொழிபெயர்ப்பு என்ற இடத்தில் இரண்டு பெண்கள் என்று மட்டும் போடச் சொன்னாள் பல்லக்கு. ஆயிரமோ இரண்டாயிரமோ பேர் பார்த்திருப்பார்கள். அதில் ஒருவர் எழுதியிருந்தார், என் அண்ணனுக்கும் பார்வை இல்லை, படத்தில் நடப்பதையும் சொல்லி ஒரு குரல் பதிவு கிடைக்குமா என்று.

அதை மகள் வாசித்துக் காட்டியபோது நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பதிவுன்னா என் குரல்ல பண்றேன். முப்பத்து மூணு வருஷம் ஊருக்கே பேசின குரல்."

"பண்ணுங்க. ஆனா நான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்றதுன்னா ரெண்டு மடங்கு நேரமாகும் அண்ணி."

"எதுக்குத் திருப்பிச் சொல்லணும்? படத்துல நடக்கறத மட்டும் நீ சொல்லு, பேச்ச நேரா சீனத்தக் கேட்டே சொல்றேன். உன் வாத்தியாரு கண்ணு தெரியாதவங்களச் சேத்துக்குவாரா?"

வாத்தியார் யோசித்தார். எழுத்துப் பரீட்சை எழுத முடியாதே என்றார். எழுத்து என் வேலை, காது அவங்க வேலை, ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு மாணவின்னு வெச்சுக்குங்க என்றாள் பல்லக்கு. அதெல்லாம் வேண்டாம், அவங்களுக்கு வாய்மொழிப் பரீட்சை மட்டும் வைக்கிறேன் என்றார்.

அடுத்த வகுப்பு தொடங்கிய சனிக்கிழமை, பல்லக்கு லேப்பிலிருந்து நேரே அங்கே வந்துவிடுவாள் என்று, அக்காவைக் கூட்டிப்போகக் கணவர் அரைநாள் லீவு போட்டார். நாத்தனார் மூன்று மாடி இறங்கினார், தெருவைக் கடந்தார், அந்தப் பக்கம் இரண்டு மாடி ஏறினார். ஒவ்வொரு படியையும் காலால் தொட்டு எண்ணிக்கொண்டார். தம்பி கையைப் பிடிக்க வந்தபோது, "வேண்டாம்டா, அடுத்த வாரம் நானே வரணும்ல" என்றார். வகுப்பறை வாசலில் இளசுகள் பேச்சை நிறுத்தி வழிவிட்டார்கள். முதல் வரிசையில் நாற்காலியைத் தடவி உட்கார்ந்து, கைத்தடியை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு, வாத்தியார் குரல் வந்த திசையைப் பார்த்து, "ஆரம்பிங்க" என்றார்.